தோற்றத்தை மாற்றுங்கள், வாசலை அடைக்காதீர்கள்

"புதிய பொலிவு, புதிய வேகம், புதிய அனுபவம்!" மொபைலில் ஏதாவது ஓர் ஆப் அப்டேட் ஆகும்போதெல்லாம் இப்படி ஒரு வரி வந்து நிற்கிறது. டிக்கெட், வங்கி, மளிகை, மருந்து என்று எல்லாமே வருடத்துக்கு ஒரு தடவையாவது சட்டையை மாற்றிக்கொள்கின்றன. நமக்கெல்லாம் இதில் இரண்டு நாள் எரிச்சல். "அந்த பட்டனை எங்கேடா கொண்டுபோய் வச்சான்?" என்று தேடுவோம். மூன்றாம் நாள் பழகிவிடும்.

திரையைப் பார்க்காமல், காதால் கேட்டு மொபைலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த மூன்றாம் நாள் வருவதே இல்லை. நேற்று வரைக்கும் தானே பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர், இன்று பக்கத்து அறைக்காரனைக் கூப்பிட்டு போனையும் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. போன் கெட்டுப்போகவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் சிலர் உட்கார்ந்து "இது இன்னும் அழகாக இருக்கும்" என்று முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி. இன்றைய நிலையில் யாருமே இல்லை என்பதுதான் பதில், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரையை வாசித்துச் சொல்லும் வசதி உண்டு. இரண்டுமே 2009-இல் வந்தவை. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், போனுக்குள்ளேயே இருக்கின்றன. விரலை வலப்பக்கம் தள்ளினால் திரையில் அடுத்து இருப்பது என்ன என்று குரல் சொல்லும். "தேடு, பட்டன்." "புறப்படும் ஊர், எழுதும் பெட்டி." வேண்டியது வந்ததும் இரண்டு தட்டு தட்டினால் அது அழுத்தப்படும். பழகியவர்கள் இதை ஓட்டும் வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். குரல் என்ன சொல்கிறது என்றே நம் காதுக்குப் பிடிபடாது, அவர்கள் அதற்குள் மூன்று பக்கம் தாண்டியிருப்பார்கள்.

ஆனால் அந்தக் குரலுக்கு ஒரு தேவை இருக்கிறது. ஆப் எழுதியவர் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பெயர் கொடுத்திருக்க வேண்டும். திரையில் "தேடு" என்று எழுத்திலேயே இருந்தால் அதுவே பெயர் ஆகிவிடும், பிரச்சினை இல்லை. புதுத் தோற்றம் கொடுக்கிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கை வைப்பது இந்த எழுத்துகள் மேல்தான். "தேடு" போய் ஒரு பூதக்கண்ணாடி வரும். "பட்டியல்" போய் மூன்று கோடு வரும். "பணம் அனுப்பு" போய் காகித அம்பு மாதிரி ஏதோ ஒன்று வரும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். பெயர் வைக்க மறந்துவிடுவார்கள். அப்புறம் டாக்பேக் என்ன செய்யும், பாவம்? "பெயரிடப்படாத பட்டன். பெயரிடப்படாத பட்டன். பெயரிடப்படாத பட்டன்." வரிசையாக ஏழு கதவு, எதிலும் பலகை இல்லை. அதில் ஒன்று பணத்தை அனுப்பிவிடும்!

எனக்குத் தெரிந்த பார்வையற்ற நண்பர் ஒருவர், முதுகலை மாணவர், மாதம் இரண்டு தடவை ஊருக்கு பஸ்ஸில் போவார். டிக்கெட் போட ஓர் ஆப் வைத்திருந்தார் (பெயர் வேண்டாம்). பழைய வடிவத்தில் இருக்கைகள் பட்டியலாக இருந்தன. "பன்னிரண்டு, ஜன்னல் ஓரம், காலி" என்று குரல் சொல்லும், தட்டுவார், முடிந்தது. புது வடிவத்தில் பட்டியலை எடுத்துவிட்டு பஸ்ஸை மேலிருந்து பார்ப்பது மாதிரி ஒரு படம் வைத்தார்கள். ஸ்டியரிங் எல்லாம் கூட வரைந்திருக்கிறார்கள். டாக்பேக்குக்கு அந்த மொத்த பஸ்ஸும் ஒரே ஒரு படம். விரலை எங்கே வைத்தாலும் அடுத்து "தொடரவும்" என்ற பட்டனுக்குப் போய்விடுகிறது. இருக்கை தேர்ந்தெடுக்காததால் அந்த பட்டன் வேலை செய்யாது. நிறுவனத்துக்கு எழுதினார். "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, எங்கள் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஆப் மூன்று தடவை அப்டேட் ஆகிவிட்டது. ஒரு தடவை பொங்கலுக்குக் கோலம் எல்லாம் போட்டு முகப்பை மாற்றினார்கள். பஸ் அப்படியே படமாகத்தான் நிற்கிறது.

பழைய வடிவத்தையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது. "இந்தப் பதிப்பு இனி இயங்காது, அப்டேட் செய்யவும்" என்று ஆப்பே சொல்லிக் கதவைச் சாத்திவிடும். கணினியில் ஒரு தளம் சரியில்லை என்றால் கீபோர்டில் டேப் விசையை வைத்து ஏதாவது முட்டி மோதிப் பார்க்கலாம். அதற்கு என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. ஆனால் நம்மூரில் பலரிடம் இருக்கிற ஒரே கணினி அந்த மொபைல்தான். அதில் அடைத்தால் முழுவதும் அடைத்தது மாதிரிதான்.

இது பார்வையற்றவர்கள் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 11.8 லட்சம். கை நடுங்குகிறவருக்கு, எள் அளவு பெருக்கல் குறியைத் தொட்டு விளம்பரத்தை மூடு என்றால் அவர் விளம்பரத்தைத்தான் தொடுவார். கண் கொஞ்சம் மங்கலானவர் இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கப் பார்ப்பார், தளம் செய்தவர் அதைப் பூட்டி வைத்திருப்பார். வெள்ளைத் தரையில் வெளிர் சாம்பல் எழுத்து என்ற ஒரு நாகரிகம் இருக்கிறதே, அதை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்று யாராவது படித்துக் காட்டட்டும், பார்க்கலாம். மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழ் எதுவும் இல்லாத நாற்பது வயதுக்காரர்களும் அங்கே தோற்றுப்போவார்கள்.

"இதெல்லாம் கஷ்டமான தொழில்நுட்பம், செலவு பிடிக்கும்" என்கிற பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உலக வலைக் கூட்டமைப்பு இதற்கான நெறிகளை எழுதிவைத்து எத்தனையோ வருடமாகிறது. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்று பெயர். 2.0 பதிப்பு 2008-இல் வந்தது. மொபைலுக்கென்றே பல விதிகளைச் சேர்த்து 2.1 பதிப்பு 2018-இல் வந்தது. தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், இழுத்துத்தான் செய்ய வேண்டும் என்ற வேலைக்கு மாற்று வழி ஒன்று இருக்க வேண்டும் என்பதெல்லாம் 2023-இன் 2.2 பதிப்பிலேயே இருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது 2008-லிருந்தே இருக்கும் விதி.

அது மட்டும் இல்லை. ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளில் ஒரு படத்துக்குப் பெயர் வைக்காமல் விட்டால் அதுவே மஞ்சள் கோடு போட்டு "இதற்கு விவரம் கொடுக்கவில்லையே" என்று எச்சரிக்கும். அதாவது அந்த ஏழு பெயரில்லாத பட்டன்களைப் பற்றியும் எழுதியவருக்கு இயந்திரமே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறது. அவர் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார். முடித்த பிறகு சோதிக்க கூகுளே ஆக்ஸசிபிலிட்டி ஸ்கேனர் என்று ஓர் ஆப்பை இலவசமாகக் கொடுக்கிறது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான் செலவு. (பஸ் படத்தைப் பட்டியலாக்குவது அதைவிடக் கொஞ்சம் பெரிய வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் முன்பு இருந்ததுதானே? அதை எடுப்பதற்கும் யாரோ வேலை செய்திருக்கிறார்களே?)

அப்புறம் ஏன் நடப்பதில்லை? புது வடிவத்தை ஒரு கூட்டத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள், கை தட்டுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு டிக்கெட் போட்டுக் காட்டுங்கள் என்று அந்த அறையில் கேட்கிறவர் யாரும் இல்லை. கேட்காமல் விட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 46-ஆம் பிரிவு, அரசு மட்டும் இல்லை, தனியார் சேவை நிறுவனங்களும் விதிகள் வந்த இரண்டு வருடத்துக்குள் எல்லோரும் பயன்படுத்தும்படி சேவையைத் தர வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூன் மாதம் வந்தன. ஆக 2019 ஜூனோடு கெடு முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

அந்த விதிகளிலேயே ஓட்டை இருந்தது. ரஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. சட்டம் "கட்டாயம்" என்கிறது, அரசு எழுதிய 15-ஆம் விதியோ "இப்படிச் செய்தால் நல்லது" என்ற மாதிரி வெறும் வழிகாட்டுதலாக இருக்கிறது, ஆகவே அது சட்டத்துக்கு முரண் என்றது. கட்டாயமான தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. அந்த மூன்று மாதம் 2025 பிப்ரவரியோடு முடிந்தது.

அடுத்த தீர்ப்பு இன்னும் நெருக்கமானது. பிரக்யா பிரசூன் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர். வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் உயிருள்ள ஆள் என்று ஏற்போம் என்றது கே.ஒய்.சி. முறை. ஆசிட்டில் கண்கள் சிதைந்த ஒருவரிடம் சிமிட்டு என்கிறது இயந்திரம்! அவருடைய மனுவையும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினின் மனுவையும் சேர்த்து விசாரித்து, நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் (நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர்) அமர்வு 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றார்கள். இருபது கட்டளைகள். அவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. ஆப் அல்லது தளத்தை வடிவமைக்கும்போது மட்டும் அல்ல, புதிய அம்சம் ஒன்றைக் கொண்டுவரும்போதும் பார்வையற்றவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

இந்த ஒரு வரிதான் நான் சொல்ல வருவதன் மையம். நம் சட்டங்கள் இணையத்தளத்தை ஒரு கட்டடம் மாதிரியே நினைக்கின்றன. கட்டடம் என்றால் ஒரு தடவை சாய்தளம் கட்டினால் போதும், இருபது வருடம் நிற்கும். அதிகாரி வந்து அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடலாம். ஆப் அப்படியா? இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாறுகிறது. ஜனவரியில் தணிக்கை செய்து சான்றிதழ் வாங்கி மாட்டிவிட்டு, மார்ச்சில் சாய்தளத்தைப் பெயர்த்து எடுத்தால் சான்றிதழ் என்ன செய்யும்? சுவரில் தொங்கும். ஆகவே பொறுப்பு என்பது தளத்தின் மேல் இருந்தால் போதாது, ஒவ்வொரு மாற்றத்தின் மேலும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சண்டையைத் தொடங்கிய பெரிய வழக்கு ஒன்றில் வாதி ஒரு மாணவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2006-இல் டார்கெட் என்ற பெரிய கடையின் இணையத்தளத்தில் படங்களுக்குப் பெயர் இல்லை, மவுஸ் இல்லாமல் பொருள் வாங்கி முடிக்க முடியவில்லை என்று பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பார்வையற்ற மாணவர் புரூஸ் செக்ஸ்டனும் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பும் வழக்குப் போட்டார்கள். 2008-இல் 60 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பணத்தை விட எனக்குப் பிடித்தது, அதன் பிறகு அந்தத் தளத்தைச் சோதித்துக் கண்காணிக்கும் வேலையும் அந்தக் கூட்டமைப்பிடமே வந்தது என்பது. அபராதம் கட்டிவிட்டு மறுநாளே மாற்றிவிட முடியாது பாருங்கள். பிறகு டொமினோஸ் பீட்சா வழக்கு. தளத்திலும் மொபைல் ஆப்பிலும் பீட்சா வாங்க முடியவில்லை என்று கியர்மோ ரோப்லஸ் என்ற பார்வையற்றவர் போட்டது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் ஆப்புக்கும் பொருந்தும் என்றது. டொமினோஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பார்த்தது. அதே வருடம் அக்டோபரில் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டார்கள். ஒரு பட்டனுக்குப் பெயர் வைப்பதைவிட வக்கீலுக்குக் கொடுப்பது மேல் என்று நினைத்திருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு இல்லை. வழக்குக்குப் பயந்தவர்களிடம் "ஒரு வரி நிரலை ஒட்டுங்கள், எங்கள் செயற்கை நுண்ணறிவு உங்கள் தளத்தைச் சரிசெய்துவிடும்" என்று விற்கிற கடைகள் முளைத்தன. அப்படி விற்ற ஆக்ஸஸிபி என்ற நிறுவனத்திடம் 2025-இல் அமெரிக்க வணிக ஆணையம் பொய் விளம்பரத்துக்காக 10 லட்சம் டாலர் வாங்கியது. குறுக்கு வழிக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.

நிறுவனங்களின் நல்ல மனசை நம்பலாமா என்றால் ட்விட்டர் கதையைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் புது எழுத்துரு, புது நிற பட்டன் என்று தோற்றத்தை மாற்றினார்கள். கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். இரண்டே நாளில் பட்டன்களின் நிற வேறுபாட்டைத் திருத்துகிறோம் என்று அறிவித்தார்கள். பாராட்ட வேண்டியதுதான், ஏனென்றால் அப்போது அங்கே அதற்கென்று ஒரு குழு இருந்தது. 2022 நவம்பரில் கம்பெனி கை மாறியதும் அந்தக் குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழுவோடு அந்த நல்ல மனசும் போய்விட்டது.

ரெடிட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். அவர்களுடைய சொந்த மொபைல் ஆப் பார்வையற்றவர்களுக்குச் சரிப்படவில்லை. வெளியார் செய்த ஆப்களை வைத்துத்தான் அவர்கள் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். 2023-இல் வெளியார் ஆப்களுக்குக் கட்டணம் என்று அறிவித்ததும் அந்த வழியும் அடையும் நிலை. பெரிய கலவரம் ஆன பிறகு, லாப நோக்கமில்லாத, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆப்களுக்கு மட்டும் கட்டணம் வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் படி செங்குத்தாகத்தான் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் இலவசமாக ஏணி வைத்தால் தடுக்க மாட்டோம் என்பது மாதிரி! அதையும் அப்போது பெருந்தன்மை என்றே சிலர் எழுதினார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புது வடிவத்தை, திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஆட்களை வைத்து, சம்பளம் கொடுத்துச் சோதியுங்கள். "கருத்துக் கேட்கிறோம்" என்று இலவசமாக வேலை வாங்க வேண்டாம். அவர்கள் உள்ளே போய் வேலையை முடித்து வெளியே வரும் வரை பழைய வடிவத்தை எடுக்காதீர்கள். வெளியிடுபவர்களில் ஒருவர் "சோதித்தேன்" என்று தன் பெயரில் கையெழுத்துப் போடட்டும். அந்தக் கையெழுத்து நிரல் எழுதும் பையனுடையதாக இருக்கக் கூடாது. வெளியிடும் தேதியை முடிவு செய்கிற அதிகாரியுடையதாக இருக்க வேண்டும். ஏனென்றால் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போகச் சொல்வது பெரும்பாலும் அந்தத் தேதிதான்.

இரண்டு பேர் சேர்ந்து வீட்டில் செய்யும் ஆப்புக்கும் இதுவேதானா என்றால், வேண்டாம், அவர்களுக்கு அவகாசம் கொடுக்கலாம். விளையாட்டு ஆப்பில் குருவி பறக்காவிட்டால் யாரும் சாகப் போவதில்லை. ஆனால் வங்கி, டிக்கெட், மருத்துவமனை, கல்லூரி விண்ணப்பம், அரசு உதவித்தொகை இவற்றுக்கு அவகாசம் கேட்க 2019-க்குப் பிறகு யாருக்கும் வாய் இல்லை.

அபராதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2025-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் 155 நிறுவனங்களுக்கு அபராதம் போட்டார். தலைக்கு எவ்வளவு தெரியுமா? பத்தாயிரம் ரூபாய். அவரைக் குறை சொல்ல முடியாது, முதல் தடவைக்குச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் அதிகபட்சமே அவ்வளவுதான். புது லோகோ வெளியீட்டு விழாவில் சமோசாவுக்கு ஆகும் காசு. ஆனால் அதே பிரிவில், அடுத்தடுத்த மீறல்களுக்கு ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் ஐந்து லட்சம் வரை என்று இருக்கிறது. இருந்த வசதியை உடைத்து வெளியிடும் ஒவ்வொரு அப்டேட்டையும் ஒரு புது மீறலாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் என்ன? இரண்டு வாரத்துக்கு ஓர் அப்டேட் என்றால் வருடத்துக்கு இருபத்தாறு. ஐந்து லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள், ஒன்றேகால் கோடியைத் தாண்டுகிறது. அதை வைத்து முழு நேரமாகச் சோதிக்க எத்தனை பேரை வேலைக்கு எடுக்கலாம் என்று அவர்களுடைய கணக்குப் பிரிவே சொல்லிவிடும்.